விந்தணுவும் முட்டையும் ஒன்றையொன்று எப்படி அடையாளம் காண்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் ட்யூஷன் எடுக்கிறேன். இனப்பெருக்கப் பாடம் நடத்தும் அன்று மட்டும் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு மும்முரமாக நோட்டில் எழுதுவார்கள். கேள்விகளெல்லாம் ராத்திரி பத்து மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் வரும். பிள்ளைகள் மட்டுமல்ல, கறவை மாடு வைத்திருப்பவர்கள், கல்யாணமாகி சில வருடங்கள் கழிந்தும் குழந்தையில்லாமல் மருத்துவமனைக்கு அலையும் பழைய மாணவிகள் என்று கேட்பவர்கள் பலவிதம். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பத் தட்டி விரல் ஓய்ந்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

மிஸ், ஒரே வரியில் சொல்லுங்கள். முட்டையை விந்தணு எப்படிக் கண்டுபிடித்து உள்ளே போகிறது?

ஒரே வரியில் சொல்லப் போய்த்தான் "பூட்டும் சாவியும் மாதிரி" என்ற உவமை எல்லார் மண்டையிலும் ஏறி உட்கார்ந்திருக்கிறது. இங்கே ஒரு பூட்டும் ஒரு சாவியும் இல்லை.

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு பஸ்ஸில் போய் வந்திருப்பீர்கள். போகும்போது உங்களை யாரும் கண்டுகொள்வதில்லை. திரும்பி வரும்போது முள்ளோடை தாண்டி ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் போலீஸ் ஏறி, சீட்டுக்கடியில் கிடக்கும் பையைக்கூடத் தடவிப் பார்ப்பார்கள். அவர்கள் தேடுவது பாட்டிலை. உங்கள் ஆதார் அட்டையை அங்கே யாரும் கேட்கமாட்டார்கள். ஆதார் கேட்கிற இடம் வேறு. அங்கே பாட்டிலைத் தேடமாட்டார்கள்.

முட்டையைச் சுற்றியும் இப்படித்தான் அடுத்தடுத்துச் சாவடிகள். வெளியே பசை போன்ற ஒரு பொருளுக்குள் புதைந்த செல்களின் கூட்டம். அதைத் தாண்டினால் சோனா பெலூசிடா என்ற தெளிவான உறை. அதற்கும் உள்ளே முட்டையின் சொந்தச் சவ்வு. ஒவ்வொன்றும் ஒவ்வொன்றைப் பார்க்கிறது. ஒன்று கறார், இன்னொன்று கொஞ்சம் தளர்வு. எது கறார், எது தளர்வு என்று கண்டுபிடிக்கத்தான் விஞ்ஞானிகளுக்கு இத்தனை வருடம் ஆயிற்று.

இரண்டும் எவ்வளவு பெரியவை?

மனித முட்டையின் குறுக்களவு சுமார் 0.1 மில்லிமீட்டர். நல்ல வெளிச்சத்தில் வெறும் கண்ணுக்கே ஒரு புள்ளியாகத் தெரியும். விந்தணு வாலோடு சேர்த்து அதில் பாதி நீளம். தலை மட்டும் என்றால் 5 மைக்ரான்தான். முட்டையை இரண்டடி நீளமுள்ள பண்ருட்டிப் பலாப்பழம் என்று வைத்துக்கொண்டால், விந்தணுவின் தலை ஒரு முந்திரிக்கொட்டை. அதுவும் பண்ருட்டியிலேயே கிடைக்கும்.

கோடிக்கணக்கில் ஓடுகின்றன, முதலில் வருவது ஜெயிக்கிறது. இது சரிதானே?

பாதிகூடச் சரியில்லை. கிளம்பும்போது கோடிக்கணக்கில் என்பது உண்மை. கருக்குழாயில் முட்டை இருக்கும் இடத்தை எட்டுவது சில நூறுதான். ஆனால் எட்டுவதும் நுழைவதும் வேறு வேறு.

1951-இல் அமெரிக்காவில் எம்.சி. சாங், ஆஸ்திரேலியாவில் சி.ஆர். ஆஸ்டின் இருவரும் தனித்தனியே ஒரு விஷயத்தைக் கண்டார்கள். அப்போதுதான் வெளிவந்த விந்தணுவை முட்டைக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் விட்டாலும் அதற்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை. பெண்ணின் இனப்பெருக்கப் பாதையில் சில மணி நேரம் இருந்த பிறகுதான் அதற்குத் திறன் வருகிறது. பாடத்தில் 'திறனேற்றம்' என்று படித்தது இதைத்தான். அந்த நேரத்தில் விந்தணுவின் மேற்சவ்விலிருந்து கொலஸ்ட்ரால் கழன்றுபோகிறது, வாலின் அசைவு மாறுகிறது. சீராக நீந்திக்கொண்டிருந்தது சாட்டையை வீசுவது போலத் துள்ள ஆரம்பிக்கிறது.

முட்டையைச் சூழ்ந்திருக்கும் செல்கள் புரோஜெஸ்டிரோன் சுரக்கின்றன. அது மனித விந்தணுவின் வாலில் இருக்கும் கேட்ஸ்பர் என்ற கால்சியம் வாயிலைத் திறக்கிறது. இதை 2011-இல் இரண்டு குழுக்கள் காட்டின. ஆக முட்டை ஒரு மூலையில் சும்மா உட்கார்ந்து மாப்பிள்ளைக்காகக் காத்திருக்கிறது என்ற கதை எனக்குப் பிடிப்பதே இல்லை. பாதித் தயாரிப்பு பெண் உடலின் வேலை. 2020-இல் ஸ்டாக்ஹோம், மான்செஸ்டர் ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். முட்டைப்பையின் திரவம் எல்லா ஆண்களின் விந்தணுவையும் ஒரே அளவு ஈர்ப்பதில்லை என்றார்கள். ஒரு பெண்ணின் திரவம் அதிகம் ஈர்த்தது அவள் கணவனுடையதாகத்தான் இருக்கவேண்டும் என்றுமில்லை. இதை வகுப்பில் சொன்னபோதுதான் முதல் முறையாக எல்லோரும் தலை நிமிர்ந்தார்கள்.

டீச்சரம்மா, மாடு காலையில் கத்தினால் ஏன் சாயங்காலம் வந்து சினை ஊசி போடுகிறார்கள்?

மேலே சொன்னதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. பசுவுக்குப் பருவ அறிகுறிகள் அடங்கிச் சுமார் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் முட்டை வெளியாகிறது. அந்த நேரத்தில் தயாரான விந்தணு அங்கே காத்திருக்கவேண்டும். ரொம்ப முன்னால் போட்டால் முட்டை வருவதற்குள் விந்தணு செத்துவிடும். ரொம்பத் தாமதித்தால் முட்டைக்கு வயதாகிவிடும். அதனால்தான் காலையில் கண்டால் சாயங்காலம், சாயங்காலம் கண்டால் மறுநாள் காலை என்ற கணக்கு.

ஊசி போட வருபவர் கேனைத் திறக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனிலிருந்து வெண்புகை வழிந்து தரையில் படரும். நீண்ட இடுக்கியால் உள்ளிருந்து ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாயை எடுப்பார். கால் மில்லிதான் பிடிக்கும், அதற்குள் சுமார் 2 கோடி விந்தணுக்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிடம் போட்டு உருக்குவார். உறைந்து உருகியதில் அவை ஏற்கெனவே பாதித் திறனேற்றம் ஆனது போன்ற நிலைக்கு வந்துவிடுகின்றன. ஆகவே காளை நேரடியாகக் கொடுப்பதைவிடக் குறைந்த நேரமே உயிரோடு இருக்கும். "நேற்றே போட்டேனே, ஏன் பிடிக்கவில்லை?" என்று ஊசிக்காரரிடம் சண்டைக்குப் போகும் முன் நேரத்தை யோசியுங்கள்.

சோனா பெலூசிடாவில் விந்தணு எதைப் பிடித்துக்கொள்கிறது?

இந்தக் கேள்விக்குத்தான் பதில் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. உறை நூல் நூலாகப் பின்னிய சர்க்கரைப் புரதங்களால் ஆனது. மனிதனுக்கு நாலு: இசட்பி1, இசட்பி2, இசட்பி3, இசட்பி4. சுண்டெலிக்கு மூன்றுதான், நாலாவதன் மரபணு அதற்குப் பழுதாகிவிட்டது.

1980-இல் பிளெயில், வாசர்மேன் என்ற இருவர் சுண்டெலி முட்டையின் உறைப் புரதங்களைப் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றையும் விந்தணுவோடு ஊறவைத்துப் பார்த்தார்கள். இசட்பி3-இல் ஊறிய விந்தணு முட்டையில் ஒட்டவில்லை. அதன் பிடிகளெல்லாம் ஏற்கெனவே இசட்பி3-ஆல் நிரம்பிவிட்டன என்று பொருள். ஆகவே இசட்பி3தான் ஏற்பி (விந்தணு வந்து பிடித்துக்கொள்ளும் புரதம்), அதிலுள்ள சர்க்கரைச் சங்கிலிகள்தான் கொக்கி என்ற முடிவு பல வருடங்கள் ஆட்சி செய்தது. அப்புறம் அந்தச் சர்க்கரைகளை மரபணு வழியில் நீக்கிய சுண்டெலிகளும் குட்டி போட்டன. கதை ஆட்டம் கண்டது.

அமெரிக்காவில் ஜூரியன் டீனின் ஆய்வகம் வேறு பக்கமிருந்து வந்தது. மனித விந்தணு சுண்டெலி முட்டையில் ஒட்டாது. சரி, சுண்டெலி முட்டையின் உறையில் ஒவ்வொன்றாக மனிதப் புரதத்தை வைத்துப் பார்த்தால்? 2012-இல் வந்த முடிவு இது: மனித இசட்பி2 இருக்கும் உறையில் மட்டும் மனித விந்தணு ஒட்டியது. ஒட்டியது மட்டுமா, துளைத்து உள்ளேயும் போனது. ஆனால் உறைக்கும் முட்டைச் சவ்வுக்கும் நடுவில் உள்ள சந்தில் கூட்டமாக நின்றுவிட்டது. ஒன்றுகூட முட்டையோடு இணையவில்லை. முதல் சாவடியில் அனுமதி கிடைத்தது, அடுத்ததில் இல்லை. வேடிக்கை என்னவென்றால், சுண்டெலி விந்தணு இவ்வளவு பிகு பண்ணுவதில்லை. மனித உறையிலும் ஒட்டிக்கொள்ளும்.

அக்ரோசோம் எப்போது வெடிக்கிறது? உறையைத் தொட்ட பிறகா?

விந்தணுவின் தலையில் தொப்பி போல ஒரு நொதிப்பை, அதுதான் அக்ரோசோம். அது திறந்தால்தான் அடுத்த கட்டம். உறையைத் தொட்டதும் திறக்கும் என்றுதான் நாங்கள் படித்தோம். 2011-இல் சுண்டெலியில் எடுத்த படங்களில், முட்டைக்குள் வெற்றிகரமாகப் போனவற்றில் பெரும்பாலானவை உறையைத் தொடுவதற்கு முன்பே தொப்பியைத் திறந்திருந்தன. "வெடிக்கிறது" என்ற சொல்லும் எனக்கு இஷ்டமில்லை. இடம் இடமாகச் சவ்வு இணைந்து, ஓட்டை விழுந்து கழல்கிறது.

இஸுமோ, ஜூனோ என்று படித்தேன். இவை யார்?

இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உறையைத் தாண்டிய விந்தணு முட்டையின் சவ்வைத் தொடுகிறது. அங்கே எது எதைப் பிடிக்கிறது? ஜப்பானில் ஒசாகா பல்கலைக்கழகத்தில் மசாரு ஒக்காபேயின் குழுவிடம் ஒரு எதிர்ப்பொருள் (குறிப்பிட்ட ஒரு புரதத்தை மட்டும் தேடிப் பிடிக்கும் பொருள்) இருந்தது. அதைச் சேர்த்தால் சுண்டெலி விந்தணு முட்டையோடு இணைய முடியாது. அந்த எதிர்ப்பொருள் விந்தணுவில் எதைப் போய்ப் பிடிக்கிறது என்று தேடி, 2005-இல் ஒரு புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். ஜப்பானில் கல்யாண வரம் கேட்டுப் போகும் கோயில் ஒன்று உண்டு, இஸுமோ என்று பெயர். அந்தப் பெயரையே புரதத்துக்கு வைத்தார்கள். நம் ஊராக இருந்தால் திருமணஞ்சேரி என்று வைத்திருப்பார்கள்.

இஸுமோ1 இல்லாத ஆண் சுண்டெலியின் விந்தணு பார்க்க அச்சு அசலாக நல்லதாகவே இருக்கும். நன்றாக நீந்தும், உறையைத் துளைக்கும். உள்ளே போய் முட்டையின் மேல் கூட்டமாக ஒட்டிக் கிடக்கும். இணைய மட்டும் முடியாது. அதே விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தினால் குட்டி பிறந்தது. அதாவது பழுது அந்த ஒரு வாசலில்தான்.

சரி, முட்டையின் பக்கம் இஸுமோவுக்கு யார் ஜோடி? ஒன்பது வருடம் தெரியாமல் இருந்தது. காரணம், அந்தப் பிடி மிகவும் தளர்வானது. ஒரு இஸுமோ மூலக்கூறு போய்த் தொட்டால் சட்டென்று விட்டுவிடும், கையும் களவுமாகப் பிடிக்க முடியாது. இங்கிலாந்தில் சாங்கர் நிறுவனத்தில் என்ரிக்கா பியாங்கியும் கேவின் ரைட்டும் ஒரு தந்திரம் செய்தார்கள். இஸுமோவைத் தனியாக விடாமல் கொத்தாகச் சேர்த்தார்கள். ஒற்றை ஆள் பிடித்தால் நழுவும் கயிறு, நாலைந்து பேர் பிடித்தால் நிற்குமல்லவா, அதுபோல. பிறகு முட்டையின் மேற்பரப்புப் புரதங்களில் எது இந்தக் கொத்தைப் பிடிக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தேடினார்கள். 2014-இல் கிடைத்த புரதத்துக்கு ரோமானியர்களின் கல்யாணத் தெய்வமான ஜூனோவின் பெயரை வைத்தார்கள். ஜூனோ இல்லாத பெண் சுண்டெலிக்குக் குட்டியே பிறக்கவில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். தொப்பி கழலாத விந்தணுவில் இஸுமோ வெளியே தெரியாது, அக்ரோசோமுக்குள் ஒளிந்திருக்கும். தொப்பி கழன்ற பிறகுதான் அது தலையின் பக்கவாட்டுக்கு வருகிறது. முன் சாவடியைத் தாண்டியவர் கையில்தான் அடுத்த சாவடிக்கான சீட்டு.

ஜூனோ ஒரு ஃபோலேட் ஏற்பி என்று எங்கோ படித்தேன். அப்படியானால் ஃபோலிக் ஆசிட் மாத்திரை போட்டால் கருவுறுதல் எளிதாகுமா?

இல்லை. ஃபோலேட் என்பது ஒரு பி வைட்டமின், ஃபோலிக் ஆசிட் அதன் மாத்திரை வடிவம். ஜூனோவின் பழைய பெயர்தான் ஃபோலேட் ஏற்பி 4. குடும்பப் பெயர் மட்டும் ஒட்டியிருக்கிறது, குலத்தொழில் போய்விட்டது. ஜூனோ ஃபோலேட்டைப் பிடிப்பதே இல்லை. ஃபோலிக் ஆசிட் மாத்திரை குழந்தையின் தண்டுவடமும் மூளையும் சரியாக மூடி வளர்வதற்காகக் கொடுப்பது. டாக்டர் சொன்னால் அந்தக் காரணத்துக்காக ஒழுங்காகப் போடுங்கள்.

மனித விந்தணு வேறு விலங்கின் முட்டைக்குள் போகுமா?

போகும். இதைச் சொன்னால் பெற்றோர் என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார்கள், ஆனால் இது பல வருடங்கள் மருத்துவப் பரிசோதனையாகவே இருந்தது. 1976-இல் ஹவாயில் யானாகிமாச்சி என்ற ஆய்வாளரும் சகாக்களும் வெள்ளெலி வகையைச் சேர்ந்த ஹாம்ஸ்டரின் முட்டையை எடுத்து, சோனா உறையை நொதியால் கரைத்துவிட்டு, மனித விந்தணுவைச் சேர்த்தார்கள். அது உள்ளே போய்விட்டது. ஆணின் விந்தணுவுக்கு இணையும் திறன் இருக்கிறதா என்று பார்க்க அப்புறம் பல ஆய்வகங்கள் இதையே செய்தன. அந்தக் கலப்பு வளராது, பயப்பட வேண்டாம்.

ஏன் ஹாம்ஸ்டர் மட்டும் இப்படித் தாராளம்? 2015-இல் அதே பியாங்கியும் ரைட்டும் பதில் சொன்னார்கள்: ஹாம்ஸ்டரின் ஜூனோ மனித இஸுமோவைப் பிடித்துக்கொள்கிறது.

என்னைக் கேட்டால் முழுப் பாடத்தின் சாரமும் இந்த ஒரு சோதனையில் இருக்கிறது. உறை இருந்தவரை மனித விந்தணுவுக்கு அனுமதியில்லை. உறையைக் கழற்றியதும் உள்ளே விட்டுவிட்டது. ஆக, "நீ எந்த இனம்?" என்று கறாராகக் கேட்பது பெரும்பாலும் வெளிச் சாவடி. உள் சாவடி "நீ இணையத் தயாரா?" என்று கேட்கிறது, இனத்தைக் கேட்பதில் ஆளுக்கு ஆள் மாறுகிறது. சுண்டெலியின் உள் சாவடி மனிதனை விடவில்லை, ஹாம்ஸ்டருடையது விட்டது.

இஸுமோவும் ஜூனோவும் கைகோத்துவிட்டால் இணைந்த மாதிரிதானா?

இல்லை, அது கைகுலுக்கல் மட்டும்தான். ஆய்வகத்தில் சாதாரணச் செல்களில் ஒன்றில் இஸுமோவையும் இன்னொன்றில் ஜூனோவையும் வைத்தால் அவை ஒட்டும், ஆனால் ஒன்றாகக் கலக்காது. முட்டையின் சவ்வில் சிடி9 என்ற புரதமும் வேண்டும். அது இல்லாத சுண்டெலி முட்டைகளோடு விந்தணு இணைவது அரிது என்று 2000-இலேயே தெரிந்துவிட்டது. விந்தணுப் பக்கம் இன்னும் பெரிய பட்டாளம்.

2024-இல் வியன்னாவில் ஆண்ட்ரியா பாலியின் குழு வெளியிட்டது இந்த வரிசையில் முக்கியமானது. ஆல்ஃபாஃபோல்ட் என்ற செயற்கை நுண்ணறிவு நிரலிடம் எந்தெந்த விந்தணுப் புரதங்கள் ஒன்றோடொன்று பொருந்தும் என்று கணக்குப் போடச் சொன்னார்கள். இஸுமோ1, ஸ்பாகா6, டிமெம்81 மூன்றும் சேர்ந்து ஒரே கூட்டாக நிற்கும் என்றது. சோதித்ததில் சரியாக இருந்தது. கங்கைச் சமவெளி ஓடைகளில் நீந்தும் வரிக்குதிரை மீனின் விந்தணுவிலும் இதே மூவர். மீன் முட்டையில் இந்த மூவரைப் பிடிப்பது பௌன்சர் என்ற புரதம். பாலூட்டியில் அந்த இடத்தில் ஜூனோ. ஆண் பக்கம் கோடிக்கணக்கான வருடமாக அதே ஆட்கள், பெண் பக்கம் ஆள் மாறிவிட்டார். பௌன்சரைக் கண்டுபிடித்ததும் இதே குழுதான், 2018-இல். மெடாகா என்ற மீனின் பௌன்சரை வரிக்குதிரை மீன் முட்டையில் வைத்ததும் மெடாகா விந்தணு அதற்குள் போனது.

கடைசியில் இரண்டு சவ்வுகளையும் உருக்கி ஒன்றாக்கும் வேலையை நேரடியாகச் செய்வது யார் என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த முடிவில்லை.

இரண்டாவது விந்தணு ஏன் போவதில்லை?

போனால் மூன்று தொகுதிக் குரோமோசோம், மனிதனில் 69. அந்தக் கரு பிழைக்காது. அதனால் முட்டை அவசர அவசரமாகக் கதவடைக்கிறது, அதுவும் இரண்டு சாவடியிலும். உள்ளே: இணைந்த அரை மணி, முக்கால் மணி நேரத்துக்குள் சவ்விலிருந்த ஜூனோ எல்லாம் உதிர்ந்து வெளியே போய்விடுகிறது. உதிர்ந்த ஜூனோ அந்தச் சந்தில் மிதந்து, தாமதமாக வரும் விந்தணுக்களின் இஸுமோவை வழியிலேயே மடக்கும் என்றும் கருதுகிறார்கள். வெளியே: முட்டை தன் ஓரத்திலிருந்த சிறு பைகளைக் கொட்டுகிறது. அதிலிருக்கும் ஓவாஸ்டாசின் என்ற கத்தரிக்கோல் இசட்பி2-இன் நுனியை வெட்டிவிடும். ஒட்டுவதற்குப் பிடி இல்லை. கூடவே கோடிக்கணக்கில் துத்தநாக அயனிகள் பீய்ச்சியடிக்கும். ஒளிரும் சாயம் சேர்த்து எடுத்த படத்தில் முட்டையைச் சுற்றி ஒரு பொறி வளையம் போலத் தெரியும், தேடிப் பாருங்கள்.

கவுன்ட் நார்மல், முட்டையும் நல்லாயிருக்கு என்றார்கள். ஆனால் ஐ.வி.எஃப்.-இல் ஒரு முட்டைகூடக் கருவுறவில்லை. எப்படி மிஸ்?

இதைக் கேட்டவள் என் பழைய மாணவி. ஒரு மருத்துவமனையில் கையில் ரிப்போர்ட்டைக் கொடுத்து, காரணம் சொல்லாமலே அனுப்பிவிட்டார்களாம். அவளுக்கு எழுதியதையே இங்கும் எழுதுகிறேன்.

எண்ணிக்கையும் நீச்சலும் மைக்ராஸ்கோப்பில் தெரியும். அடையாளம் காணும் திறன் தெரியாது. இஸுமோ இல்லாத சுண்டெலி விந்தணு பார்க்க எப்படி இருந்தது என்று மேலே சொன்னேனே, அதேதான். திறனேற்றம் ஆகாமல் போகலாம், உறையில் ஒட்டாமல் போகலாம், இணையாமல் போகலாம். சாதாரண ஐ.வி.எஃப்.-இல் முட்டையோடு விந்தணுக்களை ஒரே தட்டில் விட்டுவிட்டு, 16 முதல் 18 மணி நேரம் கழித்துப் பார்ப்பார்கள். முட்டைக்குள் இரண்டு வட்டங்கள் தெரிந்தால் கருவுற்றிருக்கிறது. ஒன்று தாயின் உட்கரு, மற்றது தந்தையுடையது. தெரியவில்லையென்றால் ஏதோ ஒரு சாவடியில் நின்றுவிட்டது.

அதற்கு வழிதான் இக்ஸி. ஒரே ஒரு விந்தணுவைக் கண்ணாடி ஊசியில் எடுத்து நேராக முட்டைக்குள் விடுவது. பிரஸ்ஸல்ஸில் இந்த முறையில் முதல் குழந்தைகள் பிறந்ததை 1992-இல் அறிவித்தார்கள். எல்லாச் சாவடியையும் சுற்றிக்கொண்டு போகும் பைபாஸ் ரோடு. ஆனால் உள்ளே போனாலும் முட்டையை எழுப்ப பிஎல்சி-ஸீட்டா என்ற விந்தணுப் புரதம் வேண்டும்; அதுதான் முட்டைக்குள் கால்சியம் அலைகளைக் கிளப்புகிறது. அது குறைந்தால் இக்ஸியும் தோற்கலாம். அடுத்த முறை போகும்போது "எந்தக் கட்டத்தில் நின்றது என்று நினைக்கிறீர்கள்?" என்று டாக்டரிடம் கேள் என்றேன். கேட்க அவளுக்கு உரிமை உண்டு. இங்கே நான் எழுதுவது பாடம், வைத்தியம் இல்லை.

ஆண் குழந்தை தரும் விந்தணுவை முட்டை தேர்ந்தெடுக்குமா?

இதுவரை சொன்ன புரதங்களில் எதுவும் விந்தணு சுமப்பது பெண் குழந்தைக்கான எக்ஸ் குரோமோசோமா, ஆண் குழந்தைக்கான ஒய் குரோமோசோமா என்று பார்ப்பதில்லை. விந்தணுக்கள் உருவாகும்போது ஒன்றோடொன்று சிறு பாலங்களால் இணைந்து, புரதங்களைப் பகிர்ந்துகொண்டே வளர்கின்றன. அதனால் இரண்டு வகையும் வெளித்தோற்றத்தில் ஏறக்குறைய ஒன்றுதான். பாலினம் தேர்ந்தெடுக்க உதவுவதாக யாராவது சொன்னால், அது இந்தியாவில் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மாமியாருக்கும் படித்துக் காட்டுங்கள்.

சொந்தத்தில் கல்யாணம் செய்தால், ரத்தப் பிரிவு ஒன்றாக இருந்தால், முட்டை ஏற்காதா?

ஏற்கும். மாமன் மகனா, அத்தை மகனா என்று முட்டை பார்ப்பதில்லை. நெருங்கிய உறவில் உள்ள ஆபத்து வேறு: இருவரிடமும் மறைந்திருக்கும் ஒரே பழுதான மரபணு குழந்தையில் சேர்ந்துவிடுவது. ரத்தப் பிரிவுக்கும் கருவுறுதலுக்கும் முடிச்சுப் போடாதீர்கள். ஆர்ஹெச் பிரச்சினை கர்ப்பத்தின்போது வருவது.

பசுவுக்கு எருமை விந்தை ஏற்றினால்?

கன்று கிடைக்காது. பசுவுக்கு 60 குரோமோசோம், நம் ஊர் எருமைக்கு 50. ஆனால் ஆய்வகத் தட்டில் சேர்த்துப் பார்த்தவர்கள் கண்டது சுவாரசியமானது: கருவுறுதல் நடக்கிறது, கரு சில முறை பிளவுபடுகிறது, அப்புறம் நின்றுவிடுகிறது. அடையாளம் காண்பதில் தடை இல்லை, வளர்ச்சியில்தான் தடை. குதிரையும் கழுதையும் 64, 62 என்று கிட்டத்தட்ட இருப்பதால் கோவேறு கழுதை பிறந்து, வளர்ந்து, சுமையும் சுமக்கிறது. இனங்களைப் பிரிக்கும் சுவர் முழுவதையும் முட்டையின் உறை ஒன்றே தாங்குவதில்லை.

பாலூட்டியில் இதையெல்லாம் கண்டுபிடிக்க ஏன் இவ்வளவு தாமதம்?

முட்டை கைக்குக் கிடைக்காததால். 1876-இல் ஆஸ்கர் ஹெர்ட்விக் கருவுறுதலைக் கண்ணால் பார்த்தது கடல் முள்ளெலியில் (உடம்பெல்லாம் முள் நிறைந்த, உருண்டையான கடல் உயிரி). நம் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறதே, அதுபோன்ற கடலோர ஆய்வகங்களில்தான் இந்தத் துறையே வளர்ந்தது. ஒரு கடல் முள்ளெலி லட்சக்கணக்கில் தெளிவான முட்டைகளைத் தண்ணீரில் கொட்டும். சுண்டெலிக்கு ஹார்மோன் ஊசி போட்டாலும் சில பத்துதான் தேறும். கடல் முள்ளெலி விந்தணுவின் பைண்டின் என்ற ஒட்டுப் புரதம் 1977-இலேயே கிடைத்துவிட்டது. ஜூனோ 2014-இல்.

அடையாளம் காண்பதைத் தடுத்துக் கருத்தடை செய்யலாமா?

விலங்குகளில் செய்கிறார்கள். பன்றி முட்டையின் சோனாவைத் தடுப்பூசியாகப் போட்டால், உடல் தன் முட்டையின் உறைக்கே எதிர்ப்பொருள் உண்டாக்கும். விந்தணு ஒட்டாது. அமெரிக்கக் காட்டுக் குதிரைகளுக்கும் தென்னாப்பிரிக்க யானைகளுக்கும் இதைப் போட்டிருக்கிறார்கள். மனிதர்களுக்கு இப்படி ஒன்று நடைமுறையில் இல்லை.

பரீட்சையில் விந்தணு ஏற்பி எது என்று கேட்டு, விடைகளில் இசட்பி3 மட்டும் இருந்தால்?

இசட்பி3-ஐக் குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போ. பல கைடுகளில் இன்னும் அதுதான். மார்க் வந்த பிறகு என்னிடம் வந்து சண்டை போடலாம்.

பள்ளிக்கூட மைக்ராஸ்கோப்பில் விந்தணுவைப் பார்க்க முடியுமா?

முடியும், 400 மடங்கு போதும். மாட்டுக்கு ஊசி போட்டு முடித்த குழாயின் நுனியில் ஒரு சிறு சொட்டு மிஞ்சியிருக்கும். ஊசிக்காரரைக் கேட்டால் தருவார். ஸ்லைடை முதலில் உள்ளங்கைக்குள் வைத்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். குளிர்ந்த கண்ணாடியில் பட்டால் அசைவு படுத்துவிடும். சொட்டின் மேல் கவர் ஸ்லிப்பை வைத்து, வெளிச்சத்தைக் குறைத்துப் பாருங்கள். பாதிக்கு மேல் செத்துக் கிடக்கும், உறைந்து உருகியதில் அது சகஜம். மிச்சம் இருப்பவை தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டு கண்முன்னே குறுக்கும் நெடுக்கும் போகும். பத்து நிமிடத்துக்குள் பார்த்துவிடுங்கள், அப்புறம் ஸ்லைடு காய்ந்துவிடும்.